சுங்கப் பேரேடா, பழைய தொழிலாளியின் நினைவா? துறைமுக ஆய்வை எங்கே தொடங்குவது

"துறைமுகம் பற்றி ஆய்வு செய்யப்போகிறேன்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் வாயிலிருந்து உடனே வருவது "எந்தத் துறைமுகம்?" என்ற கேள்விதான். நெறியாளரும் அதைத்தான் கேட்பார். விண்ணப்பப் படிவத்திலும் அதற்குத்தான் கட்டம் இருக்கும். என்னைக் கேட்டால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, எதைப் படித்து எழுதப்போகிறீர்கள் என்பது. சுங்கக் கணக்கா, வணிகர் கடிதமா, மண்ணுக்கடியில் கிடக்கும் பானை ஓடா, ஓய்வுபெற்ற சுமைதொழிலாளியின் பேச்சா, திரையில் நகரும் கப்பல் புள்ளியா? இதைத் தேர்ந்தெடுத்த அன்றே ஆய்வின் பாதி தீர்மானமாகிவிடுகிறது. எந்த ஊர் என்பதுகூடச் சில சமயம் அதிலேயே அடங்கிவிடும்.

காரணம் இருக்கிறது. துறைமுகம் வேறு, துறைமுக ஊர் வேறு. சிலப்பதிகாரம் புகாரை இரண்டாகப் பிரித்துத்தான் காட்டுகிறது. கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம், உள்ளே தள்ளிப் பட்டினப்பாக்கம், இடையில் நாளங்காடி. யவனர் இருக்கை ஒரு பக்கம். பெருங்குடி வணிகரின் மாடவீதி இன்னொரு பக்கம். இன்றைய ஆய்வுலகத்திலும் அதே பிரிவினை நீடிக்கிறது. கப்பல், சரக்கு, ஆழம், கட்டணம் என்று பார்ப்பவர்கள் ஒரு கூட்டம். வீடு, கூலி, வழிபாடு, சண்டை சச்சரவு என்று பார்ப்பவர்கள் இன்னொரு கூட்டம். "இரண்டையும் இணைத்துப் பார்ப்பேன்" என்று எல்லாரும் முன்னுரையில் எழுதுகிறார்கள். ஆய்வேட்டைத் திறந்தால் நான்கு இயலில் மூன்று கப்பலைப் பற்றியே இருக்கும். ஊருக்குக் கடைசி இயலில் இருபது பக்கம்.

இது ஆய்வாளரின் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். துறைமுகங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்தில் பெரும்பகுதி, கப்பலிடம் காசு வாங்கியவர்கள் எழுதி வைத்தது. அவர்கள் கண்ணுக்குக் காசு வரும் திசை மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு வழியையும் ஒப்பிடும்போது நான் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்கிறேன்: இந்த வழியில் போனால் கரையில் இருந்தவர்கள் கண்ணில் படுவார்களா? ஒப்பீடு யாருக்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனி ஆளாக, மூன்று நான்கு ஆண்டு அவகாசத்தில், பெரிய நிதி இல்லாமல் வேலை செய்யப்போகிறவருக்காக.

சுங்கக் கணக்கு

எண்ணிக்கை பிடித்தவர்களுக்கு இதைவிடக் கவர்ச்சியான வாசல் கிடையாது. உலகின் தலைசிறந்த உதாரணம் டென்மார்க்கின் சவுண்ட் சுங்கப் பேரேடுகள். பால்டிக் கடலுக்குள் போகவும் வெளியே வரவும் கப்பல்கள் பெரும்பாலும், ஆங்கிலத்தில் சவுண்ட் என்று சொல்லும் ஓரேசுன் நீரிணையைத்தான் கடக்க வேண்டும். அது மிகக் குறுகும் இடத்தில் ஹெல்சிங்கோர் என்ற ஊர். அங்கே நிறுத்தி டென்மார்க் மன்னர் சுங்கம் வாங்கினார். அந்தக் கணக்கு 1497 முதல் 1857 வரை எஞ்சியிருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் இடைவெளி அதிகம், 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ஏறக்குறைய தொடர்ச்சியாக வருகிறது. மொத்தம் சுமார் 18 லட்சம் கடப்புகள். மூல ஏடுகள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகமும் ஃபிரீஸ்லாந்தின் ஆவணக் காப்பகமும் சேர்ந்து அவற்றைத் தரவுத்தளமாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தபடியே தேடலாம்.

ஒரு வரியில் என்ன இருக்கும்? நாள், கப்பல் தலைவரின் பெயர், அவர் குடியிருக்கும் ஊர், எந்தத் துறையிலிருந்து வருகிறார், என்ன சரக்கு, எவ்வளவு கட்டினார். எங்கே போகிறார் என்பதை 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்துதான் எழுதத் தொடங்கினார்கள். கப்பலின் பெயரை எழுதவில்லை. இதை முதலில் கேட்கும்போது யாருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும். எழுத்தருக்கு அது தேவைப்படவில்லை. பணம் கட்டும் ஆள் யார் என்று தெரிந்தால் போதும். அப்புறம், வெளிநாட்டுப் பெயர்களை டேனிய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே ஊர் பத்து எழுத்துக்கூட்டலில் வரும். தேடுபொறியில் ஊர்ப் பெயரைத் தட்டிவிட்டு, வந்த எண்ணிக்கையை அப்படியே அட்டவணையில் போட்டால் கதை கந்தல்.

பொய்க்கணக்கு என்ற பழைய சந்தேகமும் உண்டு. சரக்கின் மதிப்பைக் குறைத்துச் சொன்னால் சுங்கம் குறையுமே? அதற்கு டென்மார்க் மன்னர் வைத்திருந்த மருந்து சுவையானது. நீ சொல்லும் விலைக்கே சரக்கை நான் வாங்கிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்பதுதான் அது. குறைத்துச் சொன்னால் சரக்கு பறிபோகும், கூட்டிச் சொன்னால் சுங்கம் ஏறும். இதனால் ஏமாற்று முழுவதும் ஒழிந்தது என்று நம்ப வேண்டாம். விலக்குப் பெற்றவர்களும் இருந்தார்கள். 1645 முதல் 1720 வரை சுவீடன் கப்பல்களுக்குச் சுங்கம் கிடையாது. அந்த ஆண்டுகளின் வரைபடத்தில் ஒரு சரிவையோ ஏற்றத்தையோ பார்த்தால், அது வணிகத்தின் அசைவா, சலுகையின் அசைவா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, கரை தெரிகிறதா? இங்கேதான் இந்தப் பேரேடு மனிதரை வியக்கவும் வைக்கிறது, கைவிடவும் செய்கிறது. கப்பல் தலைவரின் ஊரை எழுதியிருக்கிறார்கள் அல்லவா? அந்தப் பத்தியைத் தனியாக எடுத்தால் ஹிண்டலோப்பன் போன்ற ஊர்கள் மேலே வரும். ஃபிரீஸ்லாந்தில் உள்ள சின்னஞ்சிறு ஊர் அது. அந்த ஊர்த் தலைவர்கள் ஆம்ஸ்டர்டாம் வணிகருக்காக நார்வேக்கும் பால்டிக்குக்கும் கப்பல் ஓட்டினார்கள். சரக்கு ஆம்ஸ்டர்டாமில் இறங்கியது. சம்பாத்தியம் ஹிண்டலோப்பனுக்கு வந்தது. சரக்குக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது துறைமுகமே இல்லை. ஆனால் இதைவிடத் துறைமுக ஊராக ஓர் ஊர் இருக்க முடியுமா? வீட்டு ஆண்கள் வசந்தத்தில் போய்க் குளிர்காலத்தில் திரும்பும் ஊர் அது. பேரேடு அந்த ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த மாதங்களில் ஊரை நடத்திய பெண்களைப் பற்றி ஒரு வரி கிடைக்காது. அதற்குத் திருமணப் பதிவு, சொத்துப் பத்திரம், திருச்சபை ஏடு என்று வேறு கதவுகளைத் தட்ட வேண்டும்.

கம்பெனிக் காகிதமும் கடிதமும்

அடுத்து வருவது வணிகக் கம்பெனிகளின் ஆவணங்கள். 1602இல் தொடங்கி 1799இல் முடிந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காகிதங்கள் மட்டும் சுமார் இரண்டரைக் கோடிப் பக்கம். ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப் டவுன் என்று ஐந்து நகரங்களில் கிடக்கின்றன. 2003இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுங்கப் பேரேட்டைவிட இவை ஊருக்குள் ஒரு படி நுழைகின்றன. மொழிபெயர்த்துக் கொடுத்த துபாஷி யார், தரகருடன் என்ன தகராறு, நெசவாளர் முன்பணம் வாங்கிவிட்டு எங்கே போனார்கள், கவர்னருக்கும் உள்ளூர் அதிகாரிக்கும் என்ன மனக்கசப்பு என்றெல்லாம் கடிதப் போக்குவரத்தில் வரும்.

விலை என்ன? மொழி. 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தைச் சரளமாகப் படிக்க ஓராண்டாவது உட்கார வேண்டும். மூன்று ஆண்டில் ஓராண்டு என்பது சின்ன முதலீடு இல்லை. கையெழுத்தைப் படிக்கும் கணினிக் கருவிகள் இப்போது வேலையைக் குறைத்திருப்பது உண்மைதான். ஆனால் அவை தேட உதவும், புரிந்துகொள்ள உதவாது. ஒரு சொல்லைத் தேடி ஐம்பது பக்கம் எடுத்துவிடலாம். அந்தப் பக்கத்தை எழுதியவன் யாருக்குப் பயந்து எழுதினான் என்பதற்கு முன்னும் பின்னும் இருநூறு பக்கம் படித்திருக்க வேண்டும். மேலதிகாரிக்கு அனுப்பும் கடிதத்தில் கீழதிகாரி தன் தோல்வியை எப்போதும் "உள்ளூர்க்காரர்களின் நம்பகமின்மை" மேல்தான் போடுவான். அதை அப்படியே மேற்கோளாக எடுத்து ஆய்வேட்டில் ஒட்டியவர்கள் ஏராளம்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது தனியார் கடிதங்கள். இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களைப் படிப்பவருக்குக் கெய்ரோ கெனீசா ஒரு வரம். பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா யூதத் தொழுகைக் கூடத்தில் ஓர் அறை. இறைவன் பெயர் இருக்கக்கூடிய எந்தத் தாளையும் குப்பையில் எறியக்கூடாது என்று நூற்றாண்டுக் கணக்கில் அதற்குள் போட்டுக்கொண்டே வந்தார்கள். 1896-97இல் சாலமன் ஷெக்டர் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். ஆண்டவனுக்குப் பயந்து சேர்த்ததில் மிளகு விலை, கடன் பாக்கி, மாமியார் சண்டை எல்லாம் சேர்ந்துகொண்டது. கம்பெனி எழுத்தர் எழுதவே எழுதாத விஷயங்கள்.

ஏடன் துறைமுகம் 1135 வாக்கில் தாக்கப்பட்ட செய்தி அப்படித்தான் நமக்கு வந்தது. பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவின் ஆட்சியாளர் கப்பல் அனுப்பித் துறையை அடைத்துக்கொண்டு கிடந்தார். ஊருக்குள் பயத்தோடு காத்திருந்தார்கள். அதே வளைகுடாவின் சிராஃப் ஊர்ப் பெருவணிகர் ராமிஷ்தின் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்த பிறகுதான் நிலைமை திரும்பியது. இதை எழுதியவர் அங்கேயே இருந்த வணிகர். எழுதியது வெளியூரில் இருக்கும் கூட்டாளிக்கு. என் சரக்கு பத்திரமா என்பதுதான் அந்தக் கூட்டாளிக்குத் தெரிய வேண்டியது. அந்தக் கவலையின் ஓரத்தில் ஓர் ஊரே தெரிகிறது. இந்தக் கடிதங்களை வைத்துத்தான் ரொக்சானி மார்கரீட்டி ஏடனைப் பற்றி 2007இல் முழு நூலே எழுதினார். துறை, சுங்க மாளிகை, கோட்டைச் சுவர், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது வரை.

ஆனால் கெனீசா மாதிரி ஓர் அறை எல்லா ஊருக்கும் கிடைக்காது. இந்தக் கடிதங்களின் யூத-அரபு மொழி (எபிரேய எழுத்தில் எழுதிய அரபு) தெரியாமல் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பினால், ஏற்கெனவே நான்கு பேர் எழுதியதை ஐந்தாவதாக எழுதும் நிலைதான் வரும். மொழி ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல வழியை என்னால் சொல்ல முடியாது. கையில் இல்லாதவர் இதை ஆசைப்பட்டுத் தொட வேண்டாம்.

தோண்டுவது

அகழாய்வைச் சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன். அதன் மதிப்பு குறைவு என்பதால் அல்ல. தனி ஆள் எடுக்கக்கூடிய முடிவு அது இல்லை. அனுமதி, ஆட்கள், பணம், பருவம், பொருள்களைக் காக்கும் ஆய்வகம் என்று எல்லாம் ஒரு குழுவின் கையில் இருக்கும். சில சமயம் குழுவின் கையில்கூட இருக்காது. இஸ்தான்புல்லில் யெனிகாபி என்ற இடத்தில் 2004இல் தோண்டத் தொடங்கியது ரயில் பாதைக்காக. கிடைத்ததோ பைசாந்தியத் துறைமுகமும் 37 கப்பல்களின் மிச்சமும்.

பேரேடு எழுதாததை மண் சொல்லும், அதில் சந்தேகம் வேண்டாம். செங்கடல் கரையில் பெரெனிகே துறைமுகத்தில், இந்தியாவில் செய்த ஒரு பெரிய சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. செங்கடல் துறைகளில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. ஆனால் ஓடு பேசாது, நாம்தான் பேச வைக்கிறோம். அரிக்கமேட்டை 1945இல் தோண்டிய மார்ட்டிமர் வீலர் அதை ரோமானியர் கண்ணால் பார்த்தார். ரோமானியப் பொருள் கிடைத்த அடுக்கிலிருந்து ஊரின் வயதை எண்ணினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டியபோது, ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கு ஊர் இருந்தது தெளிவானது. வெளியிலிருந்து வந்ததாக வீலர் கருதிய, உருளைக் கருவியால் கோலமிட்ட ரூலெட் வகைப் பானையும் துணைக்கண்டத்திலேயே செய்யப்பட்டது என்று பின்னால் தெரிந்தது. அரை நூற்றாண்டு பாடநூல்களில் நின்ற கருத்து அது.

ஏற்கெனவே நடக்கும் அகழாய்வுக் குழுவில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்கவில்லை என்றால், பழைய அகழாய்வின் வெளியிடப்படாத ஓட்டுக் குவியலை எடுத்து மறுபடி வகைப்படுத்துவது நல்ல ஆய்வுத் தலைப்பு. யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள்.

மாதிரிகள் என்ற மயக்கம்

புவியியல் துறைக்காரர்களுக்குப் பிடித்த வழி இது. 1963இல் ஜேம்ஸ் பேர்ட் பிரித்தானியத் துறைமுகங்களை ஆராய்ந்து "எனிபோர்ட்" (ஏதோ ஒரு துறைமுகம்) என்ற மாதிரியை வைத்தார். முதலில் ஊரை ஒட்டி ஒரு சிறு கப்பல் துறை. பிறகு கரையோரமாக நீளும் மேடைகள். பிறகு வெட்டிக் கட்டிய தொட்டித் துறைகள். கடைசியில் ஆழ்கடலைத் தேடி ஆற்றின் முகத்துக்கே போய்விடும் சிறப்பு முனையங்கள். ஊரும் துறையும் படிப்படியாகப் பிரியும் கதை. 1980களின் பிற்பகுதியில் பிரையன் ஹாய்ல் அதே பிரிவைப் பின்தொடர்ந்து, துறை விட்டுப்போன கரையில் ஊர் என்ன செய்கிறது என்று பார்த்தார்.

லண்டனில் இதைப் பாடநூல் போலப் பார்க்கலாம். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் ஐடியல் எக்ஸ் கப்பல் 58 சரக்குப் பெட்டிகளுடன் (இன்று நாம் கண்டெய்னர் என்பது) நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. பெட்டிகள் உலகெங்கும் பரவியபோது லண்டனின் பழைய துறைகள் ஒவ்வொன்றாக மூடின. 1967இல் ஈஸ்ட் இந்தியா டாக், 1981இல் ராயல் டாக்ஸ். சரக்கு ஆற்றின் கீழ்ப்பக்கம் உள்ள டில்பரிக்கும் வேறு துறைகளுக்கும் போனது. பிறகு அந்த நிலத்தில் வங்கிக் கட்டடங்கள் எழுந்தன.

மாதிரியின் வசதி, உங்கள் ஊரில் என்ன தேட வேண்டும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடும். ஆபத்தும் அதுவேதான். தேடச் சொன்னதைத்தான் கண்டுபிடிப்பீர்கள். ஹாங்காங்கையும் சிங்கப்பூரையும் எடுத்துக்கொண்டால் துறையும் நகரமும் பிரிந்துபோகாமல் சேர்ந்தே வளர்ந்தன. ஐரோப்பிய மாதிரி அங்கே பொருந்தவில்லை என்று 2008இல் லீ, சோங், டியூக்ரே மூவரும் எழுதினார்கள். சொல்லப்போனால், எல்லாத் துறைமுகமும் இப்படித்தான் வளர வேண்டும் என்று பேர்டே சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் என்றுதான் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அளவுகோலை அச்சாக ஆக்கிக்கொண்டார்கள். "என் ஊர் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது" என்று முடியும் ஆய்வேடு யாருக்கும் எதையும் சொல்வதில்லை. எந்த இடத்தில், யார் எடுத்த எந்த முடிவால் உங்கள் ஊர் மாதிரியிலிருந்து விலகியது என்று காட்டினால், அங்கே ஆய்வு தொடங்குகிறது.

எனவே இதை முதன்மை வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாம் இயலில் பதினைந்து பக்கம் கொடுத்துவிட்டு நகருங்கள்.

2004க்குப் பிறகு

இன்றைய துறைமுகத்தைப் படிக்க நினைப்பவருக்கு 2004 ஒரு விசித்திரமான ஆண்டு. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று துறைமுகப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.பி.எஸ். விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. வேலி, அடையாள அட்டை, கேமரா. முன்பு ஆய்வாளர் உள்ளே போய்த் தேநீர் குடித்துக்கொண்டே பேசிவிட்டு வரலாம். இப்போது வாயிற்கதவில் நிற்க வேண்டும். அதே ஆண்டு முடிவதற்குள், பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள், தங்கள் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி பொருத்தியிருக்க வேண்டும் என்பதும் கட்டாயமானது. கப்பல் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம், எந்தப் பெர்த்தில் (கப்பல் கட்டும் மேடையில்) எத்தனை மணி நேரம் நின்றது என்று யாரும் திரையில் பார்க்கலாம். கரை மூடிக்கொண்டது, கப்பல் திறந்துகொண்டது. இன்றைய துறைமுக ஆய்வுகள் ஏன் இவ்வளவு கப்பல்மயமாக இருக்கின்றன என்பதற்கு இதுவே பாதி விளக்கம் என்று எனக்குத் தோன்றும்.

தரவு தெரிந்தவருக்கு இது வேகமான வழி. ஓராண்டில் ஒரு நல்ல கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் மீன்பிடிப் படகும் சிறு தோணியும் பெரும்பாலும் அந்தத் திரையில் வராது. பெரிய கப்பலும் நினைத்தால் கருவியை அணைத்துவிடும். கண்டெய்னர் எண்ணிக்கையில் இன்னொரு பொறி உண்டு. ஒரு பெட்டி ஒரு கப்பலிலிருந்து இறங்கி, இரண்டு நாள் அடுக்கில் இருந்து, இன்னொரு கப்பலில் ஏறிப் போனால் அதை இரண்டு முறை எண்ணுவார்கள், இறக்கத்தில் ஒன்று, ஏற்றத்தில் ஒன்று. சிங்கப்பூர், கொழும்பு போன்ற இடங்களில் பெரும்பாலான பெட்டிகள் இப்படி மாறிப்போகிறவைதான். அந்தப் பெட்டி ஊருக்குள் வரவே இல்லை. உள்ளே என்ன இருந்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கணக்கில் மட்டும் இரட்டிப்பாக நிற்கிறது. ஆண்டுக்கு இத்தனை லட்சம் பெட்டி என்ற எண்ணை வைத்து ஊரின் வளத்தைப் பேசும் ஆய்வைப் பார்த்தால், மாற்றுச் சரக்கு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

பேசுவது

கடைசியாக, மனிதர்கள். இதற்கு மட்டும்தான் கெடு இருக்கிறது. பேரேடு இன்னும் நூறு ஆண்டு காத்திருக்கும், மண்ணும் காத்திருக்கும். பெட்டிக்கு முந்தைய துறைமுகத்தில் தோளில் மூட்டை சுமந்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள். பிரிட்டனில் துறைமுகத் தொழிலாளருக்கு நிரந்தர வேலை கிடைத்தது 1967இல். அன்று இருபது வயதாக இருந்தவர் இப்போது எண்பதை நெருங்குகிறார். அதற்கு முன் நடந்தது தினக்கூலி. காலையில் வாசலில் கூட்டமாக நிற்பார்கள், மேஸ்திரி கை நீட்டியவருக்கு அன்றைக்கு வேலை, மற்றவர்கள் மதியம் மறுபடி வந்து நிற்க வேண்டும். இந்தக் காட்சி ஏறக்குறைய எல்லாக் கண்டத்துத் துறைமுகங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. இதைச் சுங்கக் கணக்கு எழுதவில்லை. கம்பெனி எழுதினால் "கூலிச் செலவு" என்று ஒரு வரி எழுதும்.

நீங்கள் நினைக்கும் துறைமுகத்தில் முதல் கண்டெய்னர் கிரேன் எந்த ஆண்டு வந்தது என்று பாருங்கள். அன்று இருபத்தைந்து வயதாக இருந்தவருக்கு இப்போது என்ன வயது என்று கணக்குப் போடுங்கள். எழுபத்தைந்துக்கு மேல் என்றால், மற்ற எல்லாத் திட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் செய்யுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. நினைவு ஆண்டைக் குழப்பும். வேலைநிறுத்தத்தில் எல்லாருமே முன்வரிசையில் நின்றதாகச் சொல்வார்கள். சங்கத் தலைவர்கள் ஏற்கெனவே பத்துப் பேருக்குச் சொன்ன கதையைப் பதினோராவது முறை அழகாகச் சொல்வார்கள். அதில் புதிதாக எதுவும் இருக்காது. "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான், ஆனா ஒற்றுமை இருந்தது" என்று பதில் வரும், எந்த ஊரில் கேட்டாலும். எந்த மூட்டை தோலை அரித்தது, எதைச் சுமந்த அன்று குளித்தும் நாற்றம் போகவில்லை, கொக்கியை எங்கே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவீர்கள், உங்களுக்கு இடப்பக்கம் நின்று சுமந்தவர் யார் என்று கேளுங்கள். உடம்பு ஆண்டை மறந்தாலும் சரக்கை மறப்பதில்லை. அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு சரக்குப் பதிவேட்டைத் திறந்தால், எந்த ஆண்டு என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று. துறைமுக வேலை என்றால் ஆண்களின் வேலை என்று எண்ணி ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். சாப்பாட்டுக் கடை நடத்தியவர், மாலுமிகளுக்கு அறை விட்டவர், சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளியவர், வாரக் கடன் கொடுத்தவர். இவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருப்பார்கள் என்பது என் அனுமானம். நீங்கள் போய்ச் சரிபார்க்கலாம். இவர்களைச் சந்திக்கத் துறைமுக அனுமதி அட்டை தேவையில்லை. வேலிக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

எதை எடுப்பது

இரண்டு துறைமுகத்தை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். தனி ஆளுக்கு வேண்டாம் என்பேன். இரண்டு ஊர், இரண்டு காப்பகம், சில சமயம் இரண்டு மொழி. மூன்றாம் ஆண்டில் ஒன்று முழுமையாகவும் இன்னொன்று அரைகுறையாகவும் கையில் இருக்கும். ஒப்பீடு வேண்டுமென்றால் மற்றவர் எழுதிவைத்த ஊரோடு ஒப்பிடுங்கள்.

என் கணக்கு எளிது. காசு வாங்கும் மேசையில் பிறந்த ஆதாரம் ஒன்றை முதுகெலும்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். அது நாளும் எண்ணும் கொடுக்கும். அந்த மேசையோடு சம்பந்தமில்லாத இன்னொன்றை உடன் சேர்க்க வேண்டும். அது ஆளைக் கொடுக்கும். சுங்கப் பேரேட்டோடு திருமணப் பதிவு, கம்பெனிக் கடிதத்தோடு நிலப் பத்திரம், ஏ.ஐ.எஸ். தரவோடு வாய்மொழி. இந்த மூன்றில் உங்களுக்கு எது என்பதைப் பெரும்பாலும் மொழியும் வயதும் தீர்மானிக்கும். பழைய ஐரோப்பிய மொழி ஒன்று கையில் இருந்தால் இரண்டாவது. எண்ணிக்கை பிடிக்கும், பயணத்துக்குப் பணமில்லை என்றால் முதலாவது. சவுண்ட் பேரேட்டுக்குச் செலவே இல்லை, ஃபிரீஸ்லாந்தின் திருச்சபை ஏடுகளில் பலவும் இணையத்தில் கிடைக்கின்றன. மொழியும் இல்லை, தரவும் பழக்கமில்லை, ஆனால் மனிதரிடம் பேசத் தெரியும் என்றால் மூன்றாவதை எடுங்கள், அதிலும் பேச்சை முதலில் முடியுங்கள். தரவு எங்கும் ஓடிப்போகாது. முதுகலை ஆய்வுக்கு ஓராண்டுதான் என்றால் ஜோடி வேண்டாம். வாய்மொழி மட்டும், பதினைந்து பேர், ஒரே ஒரு தெரு.

இன்னும் தயக்கமாக இருந்தால் ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். நினைத்திருக்கும் ஆவணத்தில் எங்கேயாவது ஓர் இடத்தில் திறந்து, தொடர்ந்து ஐம்பது வரியைக் கையால் எழுதிப் பெயர்த்தெடுங்கள். அப்புறம் துறைமுக வாயிலுக்கு எதிரே உள்ள கடையில் பணிமுறை மாறும் நேரத்தில் இரண்டு காலை உட்காருங்கள். பழைய துறையாக இருந்து வாயிலே இல்லாமல் போயிருந்தால், அது இருந்த இடத்தில் போய் நில்லுங்கள். பிறகு இரண்டைப் பற்றியும் தனித்தனியாக இரண்டு பக்கம் எழுதுங்கள். எந்த இரண்டு பக்கத்தை எழுதும்போது மணியைப் பார்க்க மறந்தீர்களோ, அதற்குரிய காப்பகத்துக்கோ வாயிலுக்கோ அனுமதிக் கடிதம் எழுத உட்காரலாம். பதில் வர எப்படியும் இரண்டு மாதம் ஆகும்.